எட்டு செல்லும் ஒரு ஸ்கூட்டரும்

குன்னத்துகால், பனச்சமூடு, தனுவச்சபுரம் மற்றும் அவற்றுக்கு இடைப்பட்ட பஸ் நிறுத்தங்களைச் சேர்ந்த பொதுமக்கள் அனைவருக்கும் பணிவுடன் தெரிவித்துக்கொள்வது என்னவென்றால், என் மேலுதட்டின் வலது ஓரத்தில் மீசை என்று சொல்லத்தக்க ஒன்று தோன்றியிருக்கிறது. இடது ஓரம் இன்னும் ஒத்துழைக்கவில்லை. பேச்சுவார்த்தை நடக்கிறது. வந்திருக்கிற பாதி மீசையை முன்னிட்டு இன்று முதல் நான் பாதிப் பெற்றோராகப் பதவி ஏற்கிறேன். வாழ்த்த விரும்புகிறவர்கள் வாழைக்குலையோடு வரலாம்.

மக்கா, நான் உன் அம்மாவின் தம்பி, உனக்குத் தாய்மாமன். தனுவச்சபுரம் கல்லூரியில் முதலாம் ஆண்டு விலங்கியல் படிக்கிறேன். பெற்றோர் எழுதுகிற மாதிரிக் கடிதம் எழுத இவனுக்கு என்ன தகுதி என்று நீ கேட்கலாம். பள்ளிக்கூடத்து மதிப்பெண் அட்டையில் 'பெற்றோர் கையொப்பம்' என்ற இடத்தில் பல வருடம் நான்தான் பெற்றோராக இருந்திருக்கிறேன். அப்பாவின் கையெழுத்தை அப்பாவைவிட நன்றாகப் போடுவேன். அனுபவத்துக்குக் குறைவில்லை. நீ இப்போது உன் அம்மாவின் வயிற்றில் இருக்கிறாய், ஆணா பெண்ணா என்று தெரியாது, அதனால் மக்கா என்றே கூப்பிடுகிறேன். நீ வளர்ந்து, பையைத் தூக்கிக்கொண்டு வீட்டை விட்டுப் படிக்கவோ வேலைக்கோ கிளம்புகிற நாளில் இதை வாசிக்க வேண்டும். உறையை ஒட்டாமல்தான் வைக்கிறேன். நடுவில் உன் மாமி எடுத்து வாசித்தாலும் எனக்குப் பயம் இல்லை. வாசிக்கட்டும். பாதிக் கடிதம் அவருக்கும் சேர்த்துத்தான்.

உன் மாமி என்றால் உன் அப்பாவின் அக்கா. உன் அப்பாவுக்குச் சிறு வயதிலேயே தாய் தகப்பன் போய்விட, அவரை வளர்த்து ஆளாக்கி, வெள்ளறடை ரோட்டில் டைல்ஸ் கடை வைக்கிற வரைக்கும் கொண்டுவந்தவர் அவர்தான். பக்கத்து வீட்டில் இருக்கிறார். சபையில் பெண்கள் ஜெபத்தை நடத்துகிறார். நல்ல மனுஷிதான், அதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். உனக்காக அவர் சாப்பிடாமல் கிடந்த நாட்களை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் நேற்றுச் சாயங்காலம் சபைப் பெண்கள் சிலர் உன் அம்மாவைப் பார்க்க வந்தபோது, சாயாவை நீட்டிக்கொண்டே அவர் சொன்னார்: "இந்தத் தடவ வயித்துல வச்ச பொறவு வண்டி கிண்டி ஒண்ணும் எடுக்காம அடங்கி இருந்தா. அதாக்கும் தங்கிச்சு." வந்தவர்கள் தலையாட்டினார்கள். உன் அம்மாவும் சிரித்துக்கொண்டே தலையாட்டினாள். அந்தத் தலையாட்டலை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. தட்டில் வைத்த மரச்சீனிக் கிழங்கையும் மீன்கறியையும் அப்படியே விட்டுவிட்டு எழுந்துவந்தேன். அதனால்தான் எழுதுகிறேன். கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும், ஆறிப்போனால் நானும் தலையாட்டத் தொடங்கிவிடுவேன்.

உன் அம்மாவை நீ அமைதியானவள் என்று நினைத்திருப்பாய். அப்படி இல்லை, மக்கா. கல்யாணத்துக்கு முன்னால் பனச்சமூட்டிலிருந்து தனுவச்சபுரத்துக்கு, அவள் கணக்கு டியூஷன் எடுத்த இடத்துக்கு, ஸ்கூட்டரில் போனால் வழியில் பஸ் டிரைவர்கள் ஒதுங்குவார்கள். என்னைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு மழையில் பாட்டுப் பாடிக்கொண்டு ஓட்டியவள். கல்யாணத்துக்குப் பிறகும் குன்னத்துகாலிலிருந்து அதே வண்டியில் போய்வந்தாள். உனக்கு முன்னால் ஒன்று உண்டாகி, சொந்தக்காரர்களுக்குச் சொல்லி முடிப்பதற்குள் கலைந்துபோனது. டாக்டர் சொன்னார், ஆரம்பத்திலேயே இப்படிக் கலைவது நிறையப் பேருக்கு நடக்கிறது, யாரும் எதுவும் செய்ததால் அல்ல என்று. யார் கேட்டது? எங்கள் ஊரில் கரு உருவாவதற்கு முன்பே கருத்து உருவாகிவிடும். "குண்டும் குழியுமா கெடக்க ரோட்டுல குலுங்கிக் குலுங்கிப் போனா எப்பிடித் தங்கும்?" என்றார் உன் மாமி. ஸ்கூட்டர் நின்றது. பஸ்ஸில் போனாள். பஸ் படி உயரம் என்றார்கள். பஸ்ஸும் நின்றது. டியூஷனும் நின்றது. ஸ்கூட்டர் மட்டும் பிளாஸ்டிக் தார்ப்பாய்க்குள் நின்றுகொண்டிருந்தது. உன் அப்பா இதில் ஒன்றுக்கும் வாய் திறக்கவில்லை. கடையில் டைல்ஸைப் பற்றிக் கேட்டால் மணிக்கணக்கில் பேசுகிற மனுஷன், வீட்டில் அந்த டைல்ஸ் மாதிரியே இருந்தார்.

பிறகு திருவனந்தபுரத்தில் ஒரு மருத்துவமனைக்குப் போனார்கள். அம்மாவின் முட்டைகளை வெளியே எடுத்து, அப்பாவின் விந்தணுவோடு சேர்த்து, ஒரு பெட்டிக்குள், இன்குபேட்டர் என்பார்கள், சரியான சூட்டில் சில நாள் வளரவிட்டு, நன்றாக வளர்ந்த ஒன்றைத் திரும்ப அம்மாவின் வயிற்றுக்குள் வைப்பது. அந்த ஒன்றுதான் நீ. ஆய்வகத்திலிருந்து உன் அப்பாவின் போனுக்கு உன் படம் வரும். அவர் அதைக் குடும்ப வாட்ஸாப் குழுவில் போட்டுவிடுவார். அதிலிருந்து ஆரம்பித்தது கூத்து. ஒரு உருண்டைக்குள் இரண்டு உருண்டை. "ரெண்டாச்சு, ஸ்தோத்திரம்!" என்று உன் மாமி வேலிக்கு அப்புறமிருந்து கூவுவார். மறுநாள் நான்கு. தெருவில் போகிறவர்கள் கிரிக்கெட் ஸ்கோர் கேட்கிற மாதிரி, "இப்பம் எத்தன?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். எட்டு ஆனபோது நான் குழுவின் பெயரை 'எட்டாம் வகுப்பு' என்று மாற்றினேன். உன் மாமி உடனே அதை 'ஏபினேசர் இல்லம்' என்று திருப்பி மாற்றினார். உன் அம்மா மட்டும் அந்தப் படத்தைத் தனியாகப் பெரிதாக்கி, விரலால் ஒவ்வொரு உருண்டையாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். வீடு முழுக்கச் சிரித்த ஒரே நாள் அது.

அடுத்த நாள் மதியம் வந்த படத்தில் உருண்டைகள் இல்லை. எட்டும் இல்லை, நான்கும் இல்லை. ஓரமெல்லாம் கலைந்து, பிசைந்துவைத்த மாவு மாதிரி ஒரே கட்டி. நான் கல்லூரி விட்டு பஸ் இறங்கி அக்கா வீட்டுக்குள் நுழையும்போது உன் மாமி போனைக் கண்ணுக்கு அருகில் வைத்துக்கொண்டு நின்றார். "எட்டும் போச்சே," என்றார். பிறகு போனை மேசையில் வைத்துவிட்டு உன் அம்மாவைப் பார்த்தார்.

"இண்ணு காலத்த நீ எங்க போன பிள்ளே?"

"அம்மையப் பாக்க. பனச்சமூட்டுக்கு."

"எதுல போன?"

உன் அம்மா ஜன்னல் வழியாக ஸ்கூட்டரின் தார்ப்பாயைப் பார்த்தாள்.

"வண்டியிலயா?"

"ஆமா மைனி. ஒரே ஒரு தடவதான். மனசு ஒரு மாதிரி இருந்துச்சு, அதாக்கும்..."

"கண்டியளா!" என்றார் உன் மாமி, அங்கே இருந்த நாற்காலிகளைப் பார்த்து.

மக்கா, நீ இதை இரண்டு முறை வாசி. கரு திருவனந்தபுரத்தில், பூட்டிய ஆய்வகத்தில், பெட்டிக்குள், ஒரு கண்ணாடித் தட்டில் இருக்கிறது. ஸ்கூட்டர் ஓடியது குன்னத்துகாலுக்கும் பனச்சமூட்டுக்கும் நடுவில். உன் அம்மாவின் வயிற்றில் அன்றைக்கு நீ இல்லவே இல்லை. நான் அதைத்தான் கேட்டேன். "அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? அது அங்க பெட்டிக்குள்ள இரிக்கு. அக்கா இங்க இரிக்கா."

"எலே, நீ சும்ம கெட. பெத்தவளுக்க ஒடம்பு குலுங்கினா பிள்ளைக்குத் தெரியாதா?"

"எப்பிடித் தெரியும்? அக்கா வண்டி எடுத்தத பெட்டிக்குப் போன் போட்டுச் சொன்னது யாரு?"

"வாய் நீளுது உனக்கு," என்றார் அவர். உன் அப்பா தரையில் இரண்டு டைல்ஸ் சேருகிற கோட்டைப் பெருவிரலால் தேய்த்துக்கொண்டு நின்றார். உன் மாமி மறுநாள் காலை மருத்துவமனைக்குப் போவதற்குச் சொல்லிவைத்திருந்த கார்க்காரரைக் கூப்பிட்டு, வரவேண்டாம் என்று சொன்னார். போனால் உன்னை உள்ளே வைப்பார்கள். போகாவிட்டால் நீ அந்தத் தட்டோடு முடிந்தாய். விஷயம் அவ்வளவுதான், அதற்கு மேல் சிக்கல் ஒன்றும் இல்லை. எட்டு உருண்டை தெரியாததால் ஒரு உயிரை வேண்டாம் என்று போனில் சொல்லிவிட்டார்கள்.

அந்தக் கட்டி சாகவில்லை, மக்கா. அது இறுகுவது. உருண்டை உருண்டையாகத் தனித்தனியே கிடந்த செல்கள் ஒரு கட்டத்தில் ஒன்றோடொன்று நெருங்கி, பிடித்துக்கொண்டு, நடுவிலிருக்கிற கோடே தெரியாமல் ஒட்டிக்கொள்ளும். ஒட்டினால்தான் அடுத்த வேலை, எது பிள்ளை எது நஞ்சுக்கொடி என்று பிரிவது, ஆரம்பமாகும். தமிழ்நாடு-கேரள எல்லையில், ஒரு கடையின் வாசல் ஒரு மாநிலத்திலும் கொல்லைப்புறம் இன்னொரு மாநிலத்திலும் இருக்கிற ஊரில் பிறந்தவர்களுக்கு, கோடு தெரியாமல் ஒட்டிக்கிடப்பதுதான் உயிரோடு இருப்பது என்று விளங்காதா? விளங்கவில்லை. எண்ணத் தெரிந்தவர்களுக்கு எண்ணிப் பார்க்கத் தெரியவில்லை.

இன்னும் ஒன்றும் நீ தெரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் உன்னிடம் வேறு யாரும் இதைச் சொல்ல மாட்டார்கள். ஒரு செல் இரண்டாகும்போது உள்ளே கதிர்கோல் என்று இழைகளாலான ஒரு சாதனம் உண்டாகும். அந்த இழைகள் குரோமோசோம்களைப் பிடித்து, பாதியை இந்தப் பக்கம், பாதியை அந்தப் பக்கம் இழுக்கும். வளர்ந்த உடம்பில் இதற்கு ஒரு காவல் உண்டு. ஒவ்வொன்றையும் இழை சரியாகப் பிடித்ததா என்று பார்த்து, ஒன்று விட்டுப்போனாலும் 'நில்' என்று சொல்லும். கருவின் முதல் நாட்களில் அந்தக் காவல், ஆள் சாயா குடிக்கப் போன செக்போஸ்ட் மாதிரி. தடுப்புக் கம்பு இருக்கும், வண்டிகள் நிற்காமல் போகும். செல் வளராமலே இரண்டாக இரண்டாக வெட்டுப்படுவதால், பெரிய அறையில் தொடங்கிய கதிர்கோல் ஒவ்வொரு தடவையும் சிறிய அறைக்குத் தகுந்தபடி தன்னைச் சுருக்கிக்கொள்ள வேண்டும். வேலைக்கு வேண்டிய சாமானும் முதலில் கருவினுடையது அல்ல, முட்டைக்குள் அம்மா சேர்த்துவைத்திருந்த இருப்பு. அது தீர்வதற்குள் கரு தன் சொந்த மரபணுக்களைத் திறந்து வேலைக்கு விட வேண்டும். இத்தனை கைமாற்றமும் நடக்கிற இடத்தில் தப்பு நடக்காமல் எப்படி இருக்கும்? ராணி வயிற்றிலும் நடக்கும், ரப்பர் வெட்டுகிறவள் வயிற்றிலும் நடக்கும். கட்டிலில் அசையாமல் கிடந்தாலும் நடக்கும். செல்லுக்குள் ஓர் இழை நழுவுவதற்கு வெளியே ஒரு பெண்ணைக் குற்றவாளியாக நிற்கவைப்பதை நினைத்தால் இப்போதும் எனக்குப் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது.

அன்று சாயங்காலமே வீட்டு ஜெபம் கூட்டினார் உன் மாமி. முன்னறையில் பாய் விரித்து, பத்துப் பதினைந்து பேர். பாட்டு முடிந்தது. அவர் எழுந்து, வீட்டில் ஒரு தடை இருக்கிறது, தடையை எல்லார் முன்னும் ஒத்துக்கொண்டு அறிக்கையிட்டால் கர்த்தர் இன்னொரு வழி திறப்பார் என்றார். யாருடைய பெயரையும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதில்லை, எல்லாத் தலையும் ஒரே பக்கம் திரும்பின. உன் அம்மா எழுந்து நின்றாள், மக்கா. பஸ் டிரைவர்களை ஒதுங்கவைத்தவள், முந்தானையைக் கையில் சுருட்டிக்கொண்டு நின்று, "நான் வண்டி எடுத்தேன். என்ன மன்னிச்சுக்கிடுங்க," என்றாள். பாயில் இருந்தவர்கள் 'ஆமென்' என்றார்கள். எதற்கு ஆமென்? பெட்டிக்குள் இருந்த உனக்கு, பெட்டிக்கு வெளியே இருந்த அவள் மன்னிப்புக் கேட்டதற்கா?

நான் எழுந்தேன். அக்காவைக் கட்டிக்கொடுத்ததிலிருந்து அந்த முன்னறையில் நான் செய்தது ஜெப நேரத்தில் யாருடைய செருப்பை யாருடைய செருப்போடு ஜோடி சேர்க்கலாம் என்று யோசித்தது மட்டும்தான். அன்று பேசினேன். கட்டியானது கெட்டதல்ல, இறுகியது என்று சொன்னேன். காவல் இல்லாத செக்போஸ்ட்டைச் சொன்னேன். அதோடு விடவில்லை. "இழைய நடுவுல நிண்ணு ஒழுங்கு பண்ணுகதுக்கு சென்ட்ரியோல்னு ஒண்ணு உண்டு. ஆரம்பத்துல கருவுக்கு அது கிடையாது. அப்பன் கொண்டுவாறது முட்டைக்குள்ள வந்ததும் அழிஞ்சுபோவும். எல்லா வேலையும் அம்மைக்க முட்டையில இருக்க சாமானாலதான் நடக்கு. முழுசும் அவளுக்க பாடாக்கும்! இங்க இரிக்க ஆரு அந்தப் பாடு பட்டிருக்கீங்க?" என்று கேட்டேன். குரல் உடையவில்லை. கை நடுங்கவில்லை. சுவரில் தொங்கிய காலண்டர்கூட அசையவில்லை. அப்படி ஒரு பேச்சை அந்தச் சபை அதுவரை கேட்டதில்லை. மறுநாள் காலையில் கார் வந்து வாசலில் நின்றது. உன் அம்மா ஏறினாள். மத்தியானத்துக்குள் நீ பெட்டியிலிருந்து குடிமாறி உன் அம்மாவிடம் வந்து சேர்ந்தாய். இன்றைக்கு நீ இருக்கிறாய் என்றால், அது யாருடைய வாய்த்திறமையால் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே, பாதி மீசைக்காரன் உனக்குச் சொல்வது இதுதான். நீ போகிற இடத்தில் எங்காவது, ஏதாவது ஒன்று உடைந்தவுடன், எல்லாரும் உன் பக்கம் திரும்பிப் பார்ப்பார்கள். எழுந்து நின்றுவிடாதே. அது உடைந்தபோது நான் அங்கே இருந்தேனா என்று முதலில் உன்னையே கேள். பிறகு அவர்களைக் கேள். உட்கார்ந்துகொண்டே கேள். நீ பெண்ணாக இருந்தால் இந்தப் பத்தியைக் கிழித்துப் பையில் வைத்துக்கொள். ஆணாக இருந்தால் இன்னும் ஒன்று கூட்டிச் சொல்கிறேன், உன் பக்கத்தில் இருக்கிறவள் எழுந்து நிற்கும்போது தரையைத் தேய்த்துக்கொண்டு நிற்காதே. கோபப்படப் பழகு. பொறுமைசாலி என்று பேர் வாங்கிக்கொண்ட ஆண்கள் பலர், தங்களுக்கு அடி விழாத இடத்தில்தான் பொறுமையாக இருக்கிறார்கள்.

இத்தோடு முடித்திருந்தால் என் மானம் தப்பியிருக்கும். ஆனால் உன் அம்மா இதை வாசித்தால் சிரித்தே காட்டிக்கொடுத்துவிடுவாள். எனவே நானே சொல்லிவிடுகிறேன்.

நான் பேசி முடித்ததும் சபை அடங்கிப்போகவில்லை. உன் மாமி நிதானமாக, "கேட்டியளா? எல்லாம் அவளுக்க கையிலயாக்கும்னு படிச்ச தம்பியே சொல்லுகான். அப்பம் கெட்டுப்போனதும் அவளுக்க கையிலதானே?" என்றார். இன்னொரு ஆமென் விழுந்தது. இது முந்தையதைவிடச் சத்தமாக. உன் அம்மா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.  உண்மையில் நான் பேசும்போது கையும் நடுங்கியது, குரலும் சேவல் மாதிரி இரண்டாக உடைந்தது.

அப்போதுதான் உன் அப்பா போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். ஆய்வகத்தைக் கூப்பிட்டார். ஜன்னல் வழியாக ஆய்வகத்துப் பெண்ணின் மலையாளம் ஸ்பீக்கரில் கேட்டது: "ஒரு குழப்பவும் இல்லா, நாளெ தன்னெ வரணே." ஒரு சிக்கலும் இல்லை, நாளைக்கே வந்துவிடுங்கள் என்று. அவர் இன்னும் ஏதோ கேட்டார், நீண்ட நேரம் கேட்டார். உள்ளே வந்தவர் உட்காரவில்லை.

"கெட்டுப்போவல்ல. ஒட்டி நெருங்கினதாக்கும், அப்பிடித்தான் ஆவணுமாம்," என்றார். பிறகு என்னைப் பார்த்தார். "இவன் சொன்ன சென்ட்ரியோல் காரியம் எலிக்காக்கும். மனுசருக்கு அது அப்பனுக்க கிட்டேருந்துதான் வாறதாம். முட்டையில இருந்தது முன்னமே போயிருமாம்." அதற்குப் பிறகு தன் அக்கா பக்கம் திரும்பினார். வாழ்க்கையில் முதல் தடவையாக இருக்கும். "இனி எதாவது கெட்டுப்போச்சுன்னா, அக்கா, எழும்பி நிக்க வேண்டியது நானாக்கும். அவள நிறுத்தப்பிடாது." உன் மாமி வேதப்புத்தகத்தை மடியில் எடுத்துவைத்துக்கொண்டார். உன் அப்பா அங்கே நின்றபடியே கார்க்காரரைத் திரும்பக் கூப்பிட்டார். அதற்குப் பிறகு உள்ளறைக் கதவைத் தட்டினார்.

நான் திண்ணைக்குப் போய், கல்லூரிப் பையிலிருந்த புத்தகத்தில், எதைப் படித்துவிட்டு அவ்வளவு முழங்கினேனோ அந்தப் பக்கத்தைத் திறந்தேன். 'எலிகளின் கருவில்' என்றுதான் முதல் வரியே தொடங்குகிறது. நான் இரண்டாவது வரியிலிருந்து வாசித்திருக்கிறேன். சபை நிறைந்திருந்த அந்த முன்னறையில், பாதி மீசையோடு, கை நீட்டி, தொண்டை கிழிய நான் வாதாடியது உனக்காக இல்லை மக்கா. ஏதோ ஓர் எலிக்குத் தாய்மாமனாக நின்றிருக்கிறேன்.